எட்டு வீட்டுக் கம்பியில் பிறந்த ஜோடிப் பாட்டு

லூடி டாக்கெட்டிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. மூக்குப்பொடி போட மாட்டாள், சீட்டுக்கட்டைத் தொட மாட்டாள், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மட்டம் போட மாட்டாள். ஆனால் தினமும் மாலை ஏழு மணிக்கு, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த டெலிபோனின் ரிசீவரை, அடைகாக்கும் கோழிக்கு அடியிலிருந்து முட்டை எடுப்பது போல மெதுவாக எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். மணி அவளுக்காக அடித்திருக்காது. அதனால் என்ன, விருந்துக்கு அழைக்காத வீட்டு வாசனையை மூக்கில் ஏற்றக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

ஹிக்கரி ஃபோர்க் பள்ளத்தாக்கில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. யாருக்கு அழைப்பு வந்தாலும் எட்டு வீட்டிலும் மணி அடிக்கும். எப்படி அடிக்கிறது என்பதை வைத்து யாருக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். லூடிக்கு நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த எஸ்டில் கிப்சனுக்குக் குட்டையாக மூன்று. தன் மணி இல்லையென்றால் எடுக்கக் கூடாது என்று கம்பி போட வந்தவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் வண்டி மலை இறங்குவதற்குள் எட்டுப் பேரும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

பிறகு ஊர் தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. கேட்கலாம், கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஹெஸ்டர் அத்தை இந்தச் சட்டத்தில் கரை கண்டவள். யார் வீட்டில் பசு கன்று போட்டது, எந்தக் கன்றுக்கு நெற்றியில் வெள்ளை, எல்லாவற்றையும் கம்பியில் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் அதே வீட்டுக்குப் போய், "என்ன விசேஷம்?" என்று கேட்பாள். அவர்கள் முதலிலிருந்து சொல்லி முடிக்கும் வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். சொல்கிறவர்களுக்கும் தெரியும், அவளுக்கு எல்லாம் தெரியுமென்று. ஆனாலும் ஒரு வரி குறைக்காமல் சொல்வார்கள். அதுதான் மரியாதை.

லூடிக்கு அந்த 1959ஆம் வருஷம் முப்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு அவள் பொறுப்பு. எண்பது பிள்ளைகளுக்குப் பீன்ஸும் சோளரொட்டியும் ஆக்கிப் போடுவாள். கல்யாண வயதில் அப்பாவுக்கு நெஞ்சில் நிலக்கரித் தூசி அடைத்துக்கொண்டது. பதினாறு வருஷம் அவர் இருமலுக்குத் தைலம் தேய்த்தே போயிற்று. அவர் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இருமல் சத்தத்துக்காக மனுஷி ஏங்குவாளா என்றால், ஏங்கினாள். அவர் இறந்த வருஷத்துக் கடைசியில் கம்பி வந்தது. ரிசீவரைக் காதில் வைத்தால் வீடு நிறைய ஆட்கள். அதை விட முடியுமா?

அவளுக்கு மிகவும் பிடித்தது வெர்னா லீயும் கார்னெட்டும். இரண்டும் சின்னஞ்சிறுசு, நிச்சயமானவர்கள். தினமும் ஏழு மணிக்கு, பாத்திரம் கழுவின கையோடு, கார்னெட் வெர்னா லீயை அழைப்பான். காதலிக்க ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் சண்டைக்கு வந்துவிடுவார்கள். சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஜெனரல். ஜெனரல் என்பது கார்னெட்டின் வேட்டை நாய்.

"உன் வண்டியில நான் ஜன்னலோரம் உக்காரணும், அது நடுவுல உக்காரணுமா?"

"அதுக்கு ஜன்னலோரம் உக்காந்தா வாந்தி வரும், வெர்னா லீ."

"எனக்கு வந்தா?"

"உனக்கு எப்ப வந்துச்சு?"

"இப்ப வருது. ஏய், சத்தமாப் பேசு, நீ சொல்றது கேக்கல. யாராவது ரெண்டு பேர் ரிசீவரை வைங்க, இவன் குரல் கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்கு."

எத்தனை பேர் எடுக்கிறார்களோ அத்தனைக்கத்தனை கம்பியில் குரல் இளைத்துக்கொண்டே போகும். வெர்னா லீ இப்படிச் சொன்னதும் எங்கோ ஒரு 'க்ளிக்', இன்னோர் 'க்ளிக்'. குரல் தெளியும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

லூடி ரொம்பக் கெட்டிக்காரி என்று லூடி நினைத்துக்கொண்டிருந்தாள். பேசும் குழாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள், மூச்சைக் கூட மூக்கால் பாதிதான் விடுவாள். எல்லோரும் வைத்து முடித்த பிறகுதான் தான் வைப்பாள். கடைசி 'க்ளிக்' யார் காதிலும் விழாதல்லவா. இவ்வளவும் செய்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். டெலிபோனுக்குப் பக்கத்திலேயே அப்பாவின் கடிகாரம் இருந்தது. அது ஏழு மணிக்கு ஒன்பது அடிக்கும். பள்ளத்தாக்கில் ஏழுக்கு ஒன்பது அடிக்கிற கடிகாரம் வேறு எந்த வீட்டிலும் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான்.

1958ஆம் வருஷம் அக்டோபரில் ஒரு மாலை வெர்னா லீக்கும் கார்னெட்டுக்கும் சண்டை முற்றிவிட்டது. கல்யாணத்தன்று ஜெனரலும் சபைக்குள் வரும் என்று கார்னெட் வாயை விட்டான். அவள் டமாலென்று வைத்துவிட்டாள். அவனும் வைத்தான். பிறகு மற்றவர்கள். லூடி விரல் விட்டு எண்ணினாள். ஹெஸ்டர் அத்தை வைக்கும்போது இரண்டு தரம் இடிக்கும், அது வந்தது. மற்றவர்களும் வந்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி. அவள் காத்திருந்தாள்.

வரவில்லை.

கம்பியின் மறுமுனையில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. கீ... க்ரீ. கீ... க்ரீ. ஆடுநாற்காலி. எண்ணெய் கண்டு ஏழெட்டு வருஷமான ஆடுநாற்காலி. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கோடைக் காலத்தில் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜன்னல் வழியாகவே வரும். எஸ்டில் கிப்சனும் கடைசியாக வைக்கிற கட்சி போலிருக்கிறது.

இப்போது யார் முதலில் வைப்பது? வைத்தால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் மாட்டிக்கொண்ட மாதிரி. லூடி நின்றாள். நாற்காலியும் நின்றுவிட்டது. அடுப்பில் பீன்ஸ் தண்ணீர் வற்றிச் சுருசுருவென்றது. கால் மரத்துப் போயிற்று. மூக்கு அரித்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் படும் பாட்டைத்தான் அவள் பட்டாள். மூன்று நிமிஷமோ நான்கு நிமிஷமோ, யார் கண்டது; அந்தக் கடிகாரத்தை நம்பவா முடியும்.

"இருக்கீங்களா?" என்றது ஆண் குரல், மிகவும் மெல்ல.

பேசினால் சட்டத்தை மீறியதாகும். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பி அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது அதுதான் முதல் தடவை.

"இருக்கேன்" என்றாள்.

"என்னமோ சுருசுருங்குது."

"பீன்ஸ். தீயுது."

"அப்ப வைங்க."

"நீங்க முதல்ல வைங்க."

"வச்சா சத்தம் கேக்குமே."

"எனக்குத்தானே கேக்கும்? வேற யாருமில்ல."

"அதான் கூச்சமா இருக்கு."

பீன்ஸ் கரியாகிவிட்டது. லூடி அன்றிரவு வெறும் சோளரொட்டியை மோரில் தோய்த்துத் தின்றுகொண்டே சிரித்தாள். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பது அவளுக்கே பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

எஸ்டில் கிப்சன் நாற்பத்தாறு வயதுக்காரர். பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம். மண் ரோட்டைச் சமப்படுத்தும் இயந்திரத்தை ஓட்டுவது உத்தியோகம். வாய் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. லூடியை எதிரில் கண்டால் தொப்பியை ஓர் அங்குலம் தூக்குவார், அவ்வளவுதான். ஆனால் சபையில் முதல் வரி எடுத்துக் கொடுக்கிறவர் அவர். அங்கே வாத்தியம் கிடையாது, எல்லோர் கையிலும் புத்தகமும் கிடையாது. அவர் ஒரு வரியை மளமளவென்று பாடிக் கொடுப்பார். சபை அதை வாங்கி இழுத்து இழுத்துப் பாடும். அந்த ஒரு வரிக்காகவே லூடி ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருப்பாள்.

மறுநாளும் சண்டைக்காரர்கள் வைத்த பிறகு நாற்காலிச் சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும். இதிலும் ஒரு மரியாதை இருந்தது: யார் என்று யாரும் கேட்கவில்லை. பேர் சொன்னால்தானே ஒட்டுக்கேட்டது நிஜமாகும்.

"இன்னைக்கு ரோட்டுல ஒரு ஆமை" என்பார் அவர். "அது கடந்து போற வரைக்கும் மெஷினை நிறுத்திட்டேன். இருபது நிமிஷம்."

"மேலதிகாரி கேட்டா?"

"ரோட்டுல தடங்கல்னு எழுதிட்டேன். பொய் இல்லையே."

"எங்க சபையில ஒருத்தர் இருக்காரு" என்பாள் லூடி. "முதல் வரி எடுத்துக் குடுப்பாரு. குரல்னா அது குரல்."

"அப்படியா? யாரு அவரு?"

"பேர் சட்டுனு ஞாபகம் வரல."

"எங்க சபையிலயும் ஒரு அம்மா இருக்காங்க. எல்லாரும் முடிச்ச பிறகு ஒரு நொடி தாமதமா முடிப்பாங்க."

"வேணும்னே பண்ணுவாங்களா இருக்கும்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்."

பகலில் கடையில் பார்த்தால் பழையபடி தொப்பி ஓர் அங்குலம். ஒரே ஒரு தடவை ஒன்றரை அங்குலம் தூக்கினார். லூடி கையிலிருந்த மாவுப் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

குளிர் காலம் முழுக்க இப்படியே போயிற்று. லூடி பள்ளிக்கூடத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டாள். பிள்ளைகள் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜனவரியில் ஒருநாள், அரசாங்கம் அனுப்பும் சீஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். சபைப் பாட்டு மாதிரியே ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிக்கொள்கிற பாட்டு.

இருக்கியா அந்தக் கரையில, இன்னும் முழிச்சிருக்கியா?
இருக்கேன்.
அடுப்புல பீன்ஸ் கருகுது, இன்னும் காது குடுக்கிறியா?
குடுக்கிறேன்.
நீ வச்சா நான் வைக்கிறேன், நான் வச்சா நீ போயிடுவ,
யாரு முதல்ல வைக்கிறது?
நான் இல்ல. நான் இல்ல.

ஜில்லா ரேடியோவில் சனிக்கிழமை மத்தியானம் டெக்ஸ் மலோன், ரோவேனா மலோன் என்று ஒரு புருஷன் பெண்டாட்டி பாடுவார்கள். நேயர்கள் பாட்டு எழுதி அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். லூடி அட்டையை அப்படியே தபாலில் போட்டாள். பேர் எழுதவில்லை, அடியில் 'ஹிக்கரி ஃபோர்க்' என்று மட்டும் எழுதினாள். ஏன் அனுப்பினாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. சந்தோஷம் ஓர் அளவுக்கு மேல் போனால் அதை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும்.

அவர்கள் அதை நாஷ்வில் வரைக்கும் கொண்டுபோய் இசைத்தட்டாக்குவார்கள் என்று யார் கண்டது. டெக்ஸின் கட்டைக் குரலும் ரோவேனாவின் கீச்சுக் குரலும், நடுவில் அழுகிற ஸ்டீல் கிட்டாரும். மே மாதம் முதல் சனிக்கிழமை அது ரேடியோவில் வந்தது. மே முடிவதற்குள் மூன்று மாநிலத்தில் எல்லா உணவுக்கடையிலும், காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸில் அதே பாட்டு. அர்த்தம் சொல்லவும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பட்டாளத்தில் இருக்கும் புருஷனைப் பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்றார் ரேடியோக்காரர். ஆத்துமா கர்த்தரைக் கூப்பிடுகிறது, பீன்ஸ் என்பது பாவம் என்றார் சபை மூப்பர். நாஷ்வில்லிலிருந்து வந்த ஒரு பத்திரிகை, காதலில் யார் முதலில் சாவது என்ற மகத்தான கேள்வியை இப்பாடல் எழுப்புகிறது என்று எழுதியிருந்தது. லூடி அதைப் படித்துவிட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

வெர்னா லீக்குச் சந்தேகமே இல்லை. "இது எங்களைப் பத்தினதுதான்" என்று கடையில் நின்று சொன்னாள். "தினமும் போன்ல சண்டை போடறது நாங்கதானே. எவளோ ஒட்டுக்கேட்டு எழுதியிருக்கா. கையில கிடைச்சா முடியைப் பிடிச்சு உலுக்கிட்டு, அப்புறம் நன்றி சொல்லுவேன்."

"நாயைப் பத்தி ஒரு வரியும் இல்லையே" என்றான் கார்னெட், கொஞ்சம் வருத்தமாக.

லூடி பாட்டுப் புகழைக் கேட்டு மயங்கிப் போயிருக்கலாம். ஆனால் அவளுக்கு அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. பாட்டு ரேடியோவில் வந்த அந்தச் சனிக்கிழமை மாலையே, வெர்னா லீயும் கார்னெட்டும் வைத்த பிறகு, கம்பியில் நாற்காலிச் சத்தம் இல்லை. மறுநாள் இல்லை. ஒரு வாரம் இல்லை. எஸ்டில் ரிசீவரையே எடுக்கவில்லை. சபையில் முதல் வரியைத் தரையைப் பார்த்துக்கொண்டு பாடிக் கொடுத்தார். கடையில் அவளைக் கண்டதும் தொப்பியைத் தொடாமல் ஆணி டப்பாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று லூடிக்குப் புரிந்தது. அவர் மெதுவாகச் சொன்னதை எல்லாம் மூன்று மாநிலம் உரக்கப் பாடுகிறது. ஏழு மணிக்குக் கடிகாரம் ஒன்பது அடிக்கும்; அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, எல்லோரும் வைத்து முடித்த பிறகு, வெறும் கம்பி இரைவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அப்பா போன பிறகு வீட்டில் இருந்த அதே நிசப்தம் திரும்பி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. போன தடவையாவது அதற்கு அவள் காரணமில்லை.

ஜூன் மாதம் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. டெக்ஸும் ரோவேனாவும் வருகிற சனிக்கிழமை ஜில்லாத் தலைநகரில் பாடப் போகிறார்கள். ஹிக்கரி ஃபோர்க்கில் இந்தப் பாட்டுக்குச் சொந்தக்கார ஜோடி யாரோ, அவர்கள் மேடைக்கு வர வேண்டும், கூட்டம் அவர்களைப் பார்க்க வேண்டும். வெர்னா லீ புது உடுப்புத் தைக்க ஆரம்பித்தாள். ஜெனரலுக்குக் கழுத்தில் கட்ட நாடா வாங்கியாயிற்று என்று வெள்ளிக்கிழமை காலை ஹெஸ்டர் அத்தை வந்து சொன்னாள்.

லூடி அன்று பகல் முழுக்க யோசித்தாள். உண்மையைச் சொன்னால் ஊருக்கே ஒட்டுக்கேட்டவள் ஆவாள். வாய்விட்டு ஒத்துக்கொண்ட ஒரே ஆள் பள்ளத்தாக்கில் அவளாகத்தான் இருப்பாள். சொல்லாவிட்டால், அவள் வாழ்நாளில் அவளிடம் ஒருவர் கேட்ட ஒரே நல்ல கேள்வியை ஒரு நாய் நாடா கட்டிக்கொண்டு மேடையேறி வாங்கிக்கொண்டு போய்விடும். மானம் போனால் போகட்டும் என்று முடிவு செய்தாள். ஏழு மணி ஆயிற்று. வெளியில் நல்ல வெளிச்சம். கடிகாரம் ஒன்பது அடித்தது. ரிசீவரை எடுத்தாள், இந்தத் தடவை டடக்கென்று.

"நாய்க்கு மேடையில என்ன வேலைன்னுதான் கேக்கிறேன்" என்று வெர்னா லீ சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நூல் மாதிரி இளைத்திருந்தது. ஊரே எடுத்திருக்கிறது.

"வெர்னா லீ" என்றாள் லூடி. "நான் லூடி டாக்கெட் பேசறேன்."

கம்பி செத்துப் போன மாதிரி ஆயிற்று. இந்தக் கம்பியில் ஆறு வருஷத்தில் நடக்காதது நடந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி பேசிவிட்டாள்.

"அந்தப் பாட்டை எழுதினது நான்தான். நான் ஒட்டுக்கேப்பேன். தினமும் கேப்பேன். ஆறு வருஷமாக் கேக்கறேன்."

"அது தெரியும்டி" என்றது இன்னொரு குரல், பொறுமை இழந்து. ஹெஸ்டர் அத்தை. "ஏழுக்கு ஒம்போது அடிச்சு அடிச்சு உன் கடிகாரம் எங்க காதைத் துளைக்குது. மேல சொல்லு."

லூடி திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அது ஒன்றும் அறியாதது போல ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, நீங்களும் கேக்கறீங்களா?" என்றாள் வெர்னா லீ.

"நான் எங்கடி கேக்கறேன்? தூசி தட்ட எடுத்தேன்."

"யாராவது தூசி தட்டினது போதும்னு வைங்களேன், லூடி அக்கா பேசறது கேக்கல" என்றான் கார்னெட். ஒரு 'க்ளிக்' கூட வரவில்லை. அன்றைக்கு யார் வைப்பார்கள்.

லூடி குரலை உயர்த்தினாள். "வெர்னா லீ, அந்தப் பாட்டு உங்களைப் பத்தினது இல்லம்மா. மன்னிச்சுக்க. நீங்க வச்ச பிறகு, எல்லாரும் வச்ச பிறகு, கம்பியில ரெண்டு பேர் மிஞ்சுவோம். நானும் இன்னொருத்தரும். அது எங்களைப் பத்தினது. அவர் இப்ப பேசறதில்ல. ஊரைக் கூட்டிப் பாட்டாப் பாடிட்டேன்னு கோபம். கோபம் நியாயம்தான். ஆனா அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு இந்தக் கம்பிய விட்டா வேற வழியில்ல." மூச்சு வாங்கினாள். "இருக்கீங்களா?"

கம்பி இரைந்தது. 

"இருக்கீங்களா?" என்றாள் மறுபடியும். அவள் குரல் உடைந்ததைக் கம்பியில் இருந்த அத்தனை வீடும் கேட்டது.

"அவன் எடுக்கலடி" என்றாள் ஹெஸ்டர் அத்தை, இப்போது குரலைத் தணித்து. "அவன் எடுத்தா அந்தப் பாழாப்போன நாற்காலி கத்துமே. அழாத. எல்லாரும் ஒரு நொடி வைங்க, நான் அவனுக்கு மணி அடிக்கிறேன்."

"யாருக்குன்னு உங்களுக்கு எப்படி—"

"வைடி."

எல்லோரும் வைத்தார்கள். அத்தை தன் டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினாள். எட்டு வீட்டிலும் மணி அடித்தது. குட்டையாக மூன்று. மறுபடியும் குட்டையாக மூன்று. ஊர் முழுக்கக் காதலை அறிவித்தது போல இருந்தது அது. பிறகு எட்டு ரிசீவரும் ஒன்றாக மேலே வந்தன.

கீ... க்ரீ.

"ஹலோ" என்றார் எஸ்டில் கிப்சன்.

லூடி யோசித்து வைத்திருந்த மன்னிப்பு அத்தனையும் பறந்துவிட்டது. "பாட்டை எழுதினது நான்" என்று மட்டும் வந்தது.

"நீங்களா?"

"நான்தான்."

நாற்காலி நின்றது. "நான் வேற யாரோன்னு நினைச்சேன்" என்றார் அவர். "நாம பேசறதை யாரோ ஒட்டுக்கேட்டு எழுதிட்டாங்கன்னு நினைச்சேன். உங்க பேர் கெட்டுடக் கூடாதேன்னுதான் எடுக்கறதை விட்டேன். எடுக்கக் கூடாதுன்னு நாற்காலியைக் கொண்டுபோய் வாசல்ல போட்டு உக்காந்தேன். மனசு கேக்கல. இன்னைக்குத்தான் உள்ள கொண்டுவந்தேன்."

"யாரும் ஒட்டுக்கேக்கல" என்றாள் லூடி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"நான் கேட்டேன்" என்றாள் ஹெஸ்டர் அத்தை. "வச்சிட்டுத் திரும்ப எடுத்து ஆமை கதை வரைக்கும் கேட்டேன். ஆனா எனக்குப் பாட்டு எழுத வராது."

"ஆமையா, என்ன ஆமை?" என்றது இதுவரை பேசாத ஒரு வீடு.

எஸ்டில் தொண்டையைக் கனைத்தார். சபையில் முதல் வரி எடுக்கும் முன் கனைப்பது போலவே. "லூடி" என்றார். கம்பியில் அவர் அவள் பெயரைச் சொல்வது அதுவே முதல் தடவை. "நீ முதல்ல வை."

"நான் மாட்டேன்."

"நீ வச்சாத்தான் நான் கிளம்பி வர முடியும். நீ கேட்டுட்டிருக்கும்போது வச்சிட்டுப் போக எனக்கு வரல."

லூடி வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதலில் வைத்தது அன்றுதான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் ஓடைமேல் போட்டிருந்த மரப்பாலத்தில் வந்துகொண்டிருந்தார், தொப்பி இல்லாமல், ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன. கம்பியில் இனிமேல் ஒன்றும் வராது என்று தெரிந்ததும் மற்ற ஆறு வீடும் வாசலுக்கு வந்துவிட்டது. ஜெனரல் நாடாவோடு நின்று குரைத்தது.

அவர் படியேறி அவள் கதவுக்கு வெளியே நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். இரண்டு அடி தூரத்தில் ஒரு மனுஷியைப் பார்த்துப் பேச அவருக்கு வரவில்லை. வாய் திறந்தது, மூடியது. முகம் தக்காளியாகிவிட்டது. தூக்குவதற்குத் தொப்பியும் இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் திரும்பி ஓடிவிடுவார் என்று லூடிக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டெலிபோன் மாட்டிய சுவரைப் பார்த்து நின்றாள்.

"இருக்கியா?" என்றாள் சுவரிடம்.

பின்னால் தரைப்பலகை முனகியது. ஒரு பூட்ஸும் ஒரு வெறுங்காலும் மாறி மாறி நடந்து அவள் தோளுக்கு மிக அருகில் வந்து நின்றன.

"இருக்கேன்."

ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹெஸ்டர் அத்தையின் குரல் வந்தது.

"என்ன சொன்னான்? சத்தமாப் பேசுங்கப்பா, இங்க ஒண்ணும் கேக்கல."